பென்சிலில் எழுதிய நிறுத்தம்

அத்தியாயம் 14

பயணத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

அட்டவணையை மூன்று தடவை எழுதியிருந்தேன். முதல் தடவை, விழுப்புரத்தில் பஸ் மாறும் நேரத்தையே விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை, அம்மா சாப்பிட்டு மாத்திரை போட வேண்டிய நேரம் ஓடுகிற பஸ்ஸுக்குள் போய் விழுந்தது. மூன்றாவது சரியாக வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் சரி என்று நினைக்கும் எதிலும் எங்கேயோ ஒரு தப்பு இருக்கும். நான் படிக்கும் மாலை வகுப்பில் திருத்தித் தரும் தாள்களில் வாரா வாரம் அதைத்தான் பார்க்கிறேன்.

ஞாயிறு, நவம்பர் ஒன்று: கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து மண்டகப்பட்டுக் குகைக் கோயில், பிறகு புதுச்சேரிக் கடற்கரை. இரவு சித்தி வீட்டில் தங்கல். திங்கள், நவம்பர் இரண்டு: கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம். குகைகள். கடல். இரவுக்குள் வீடு. தாளின் தலையில் ‘ஆட்கள்: 2’ என்று போட்டிருந்தேன். அம்மாவும் நானும்.

இந்த வழி என்னுடையதில்லை. என் அண்ணன் சாம் போட்டது. கல்லூரியில் வரலாறு படித்தவன். குகை என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அப்பா, அம்மாவின் இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு நாங்கள் நான்கு பேரும் போய்வர ஒரு வழி எழுதி வைத்திருந்தான். மண்டகப்பட்டுக்கு எதிரே, ‘செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் குடைந்த கோயில்’ என்று ஒரு குறிப்பு. அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் அதை நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

அந்தக் கல்யாண நாள் வருவதற்குள், நண்பர்களோடு மாமல்லபுரம் போன இடத்தில் கடல் அவனை இழுத்துக்கொண்டது. ஒரு ஜனவரி மாதம். மூன்று வருஷம் ஒன்பது மாதம் ஆகிறது. பத்து நாள் தேடினார்கள். பதினோராம் நாள் அப்பா தனியாகப் போய், மறுநாள் திரும்பி வந்து, தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்.

எங்களுக்குக் கல்லறை இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எல்லாக் குடும்பமும் தங்கள் கல்லறையில் புல் செத்தி, சுண்ணாம்பு அடித்து வைக்கும். நவம்பர் இரண்டாம் தேதி பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றும். அம்மா மட்டும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இருக்கும் பெரிய சிலுவையடியில் போய் நிற்பாள். வெளியூரில் புதைத்தவர்களுக்கும் எங்கே என்று தெரியாதவர்களுக்கும் அது பொதுவான இடம். அன்றைக்குப் பார்த்து அப்பாவுக்கு டூட்டி இருக்கும். மூன்று வருஷமும் அம்மாவும் நானும்தான் போனோம்.

இந்த வருஷம் அம்மா என்னிடம் கேட்டாள்: “பொது எடத்துல எத்தினி வருஷம்டி ஏத்துறது? என் புள்ளைக்குன்னு ஒரு எடத்துல ஏத்தணும். அவன் போட்ட வழியிலயே என்னைக் கூட்டிக்கினு போ. குகையையும் பாக்குறேன், கடலையும் பாக்குறேன்.”

அப்பா மறுத்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் சொன்னது இவ்வளவுதான்: “நான் வரல. அந்த ரோட்டுப் பக்கம் நான் தலை வெச்சும் படுக்கல, அதுக்கப்புறம். நீங்க போறதுன்னா போங்க.”

அப்படிச் சொன்னவர்தான், புதன்கிழமை காலை டூட்டிக்குக் கிளம்பும் முன் என் அட்டவணையைத் திருத்தி வைத்திருந்தார்.

* * *

டி.வி.க்குப் பக்கத்தில் நான் வைத்த இடத்திலேயே தாள் இருந்தது. என் நீல மையின் மேல் அப்பாவின் பென்சில்.

அப்பா முப்பது வருஷமாகக் கண்டக்டர். கள்ளக்குறிச்சி டிப்போ. காதில் பென்சில் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. யார் கையில் எந்தப் பஸ் நேரத்தைப் பார்த்தாலும் அவரால் திருத்தாமல் இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில் வழி போட்டிருந்தால்கூட, அடித்துவிட்டு வேறு நம்பர் எழுதுவார்.

விழுப்புரத்தில் பஸ் மாறப் பத்து நிமிஷம் என்று நான் எழுதியதை அடித்து, ‘25. அம்மா படி ஏற நேரம் ஆகும்’ என்று எழுதியிருந்தார். மண்டகப்பட்டில் ‘கைகாட்டியில் இறங்கி நடக்கணும், குடை’ என்று எழுதியிருந்தார். புதுச்சேரியில் ஏழரை மணி வண்டியை அடித்து ‘6.50’ என்று போட்டிருந்தார்.

படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம். மனசு மாறிவிட்டார், வரப்போகிறார் என்று நினைத்தேன். தலையைப் பார்த்தேன். ‘ஆட்கள்: 2’ மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு, புதுச்சேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், நான் எழுதாத ஒரு வரி:

‘உப்பளம் கைகாட்டி – இறங்கணும். மினி பஸ் 8.40. ஞாயிறு கிடையாது. தாழைமேட்டுக் குப்பம் – 40 நிமிஷம். திரும்ப 10.15.’

சாமின் வழியில் அந்தப் பெயர் இல்லை. அவன் நோட்டை எடுத்து இரண்டு தடவை பார்த்தேன். செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உப்பளங்கள், நாற்பது ஐம்பது கூரைகள், ஒரு சின்னத் தேவாலயம். குகை இல்லை. சுற்றிப் பார்க்கிறவர்கள் போகும் கடற்கரையும் இல்லை.

‘ஞாயிறு கிடையாது’ என்ற இரண்டு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அரசு பஸ் நேரங்கள் அப்பாவுக்கு மனப்பாடம், சரி. எங்கோ கடலோரத்தில் ஓடும் தனியார் மினி பஸ் ஞாயிற்றுக்கிழமை வராது என்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்றவருக்குத்தானே தெரியும்?

“உங்கப்பா பாத்தாரா அத?” அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். “விடியக்காலையில பென்சில் சீவிக்கினு இருந்தாரே.”

“பாத்தாரும்மா. நேரம் கொஞ்சம் மாத்தியிருக்கிறாரு.”

“காட்டு.”

“நல்லா எழுதிக் காட்டுறேன். இது ஒரே கிறுக்கலா இருக்குது.”

அம்மா தோசைக் கரண்டியோடு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொன்னேன். அப்பாவுக்கு அன்று வெள்ளிமலை வண்டி. ஒன்பது இருபதுக்கு நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன்.

* * *

“எங்க கெளம்பிட்ட?” என்றார் அப்பா, படியில் நின்றபடி.

“மலைக்கு.”

“மலையில இன்னா வேலை?”

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“சாயந்திரம் வூட்டுல கேக்குறது?”

“அம்மா இருப்பாங்க.”

அவர் மெஷினில் சீட்டு எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

வண்டி வடக்கனந்தல் தாண்டும்போது நல்ல கூட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. கச்சிராயபாளையத்தில் ஓர் அம்மா கூடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையில் இரண்டு கோழி.

“செங்கம்மா, கோழிக்கு லக்கேஜ் எடு” என்றார் அப்பா.

“இன்னாத்துக்கு? பொம்பளைங்களுக்கு ஃப்ரீன்னுதான சொன்னாங்க? இது ரெண்டும் பொட்டக் கோழி கண்டக்டரே.”

“ஆதார் கார்டு எடுத்தாந்தியா அதுங்களுக்கு?”

“ஆதாரெல்லாம் இல்ல. வேணும்னா வண்டிய நிறுத்து, முட்டை போட்டுக் காட்டும்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வீட்டில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது. எனக்கு என்னவோ அவர் இன்னொரு வீட்டில் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துவிட்டது போல இருந்தது. அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டேன்.

“நீ கண்டக்டர் பொண்ணா?” செங்கம்மாள் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். “மூக்கு சொல்லுதே. உங்கப்பாகிட்ட ஒரு வழக்கம் பாத்திருக்கிறியா? ஆளே இல்லன்னாலும் எங்க ஊரு நிறுத்தத்துல விசில் அடிச்சி நிறுத்துவாரு. எறங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டுத்தான் ரைட் குடுப்பாரு. டிரைவரு கத்துவாரு. இவரு கேக்க மாட்டாரு.”

“எப்பத்துலர்ந்து?”

“அது ஆவுது மூணு நாலு வருஷம்.”

ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு வெள்ளையாகக் கிடந்தது. அப்பா நான்கு இடத்தில் வண்டியை நிறுத்தினார். இரண்டில் ஆள் இல்லை. மழையில் இறங்கி, சாலையோரம் போய், கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு ஏறினார்.

* * *

வெள்ளிமலையில் வண்டி முப்பத்தைந்து நிமிஷம் நிற்கும். டிரைவர் சாப்பிடப் போனார். அப்பாவும் நானும் டீக்கடைக் கூரையின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்தோம். தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

“அப்பா, உப்பளம் கைகாட்டியில ஞாயித்துக்கெழம மினி பஸ் வராதுன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“கண்டக்டருக்குத் தெரியாதா?”

“அது நம்ம டிப்போ வண்டி இல்ல. கவர்மென்ட் வண்டியே இல்ல.”

டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

“ஒரு ஞாயித்துக்கெழம நின்னேன். ரெண்டு மணி நேரம். யாரோ வராதுன்னு சொன்னாங்க. அப்புறம் நடந்தே போனேன்.”

“அங்க இன்னாப்பா இருக்குது?”

“உங்கண்ணன் இருக்கிறான்.”

ஒரே ஒரு நொடி, நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நொடியை இங்கே எழுதலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“பதினோராவது நாள் போன் வந்துச்சி” என்றார். “தாழைமேட்டுக் குப்பத்துல ஒதுங்கியிருக்குது, வந்து பாருங்கன்னாங்க. போனேன். மூஞ்சி இல்லம்மா. பெல்ட்டு இருந்துச்சி. என் பழைய பை வாரை வெட்டி, நான் தெச்சிக் குடுத்தது. அந்தத் தெயலு எனக்குத் தெரியாதா?”

டீக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து போய், சத்தத்தைக் கம்மி பண்ணச் சொல்லிவிட்டு வந்தார்.

“ஆஸ்பத்திரியில எல்லாம் முடிச்சி மறுநாள் குடுத்தாங்க. வூட்டுக்குக் கொண்டாற நெலமையில இல்ல. அந்த ஊரு சர்ச்சு சாமியாரு, கல்லறைத் தோட்டத்து மதிலோரமா எடம் காட்டுனாரு. குப்பத்து ஆளுங்க நாலு பேரு தோண்டுனாங்க. பேரு தெரியாத ஆளுங்கம்மா. காசு குடுத்தா வாங்கல.”

“ஏன்பா சொல்லல?” என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. “எங்ககிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். வாசப்படியில நிக்கிறேன். உங்கம்மாவுக்குப் பக்கத்து வூட்டு கொளஞ்சியம்மா கஞ்சி ஊட்டிக்கினு இருந்தாங்க. பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாம கெடந்தவ. ‘ஒரு வாய் குடி கிரேசு, சாம் வந்து உன்னை இப்டிப் பாத்தா பயந்துடுவான்’னாங்க. வாயத் தொறந்தா. அன்னிக்குத்தான் மொத மொத வாயத் தொறந்தா.” அப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அப்ப எப்டிச் சொல்லுவேன் நீயே சொல்லு. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்கு ஒரு கிளாஸ் ஜாஸ்தி குடிச்சா. அதுக்கு மறுநா எழுந்து நடந்தா. வருவான் வருவான்னுதான் எழுந்தா. அப்டியே ஒரு மாசம். அப்புறம் ஒரு வருஷம்.”

“கல்லறைத் திருநாளுக்கு டூட்டின்னு சொன்னது?”

“அங்கதான் போனேன். ஜனவரியில ஒரு தடவ போவேன். திருநாளுக்கு ஒரு தடவ.”

அம்மா பெரிய சிலுவையடியில் காற்றுக்குக் கையை மறைத்து மெழுகுவத்தி ஏற்றியது எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருஷம். மூன்று பாக்கெட்.

“இப்ப மட்டும் ஏன்பா எழுதுனீங்க?”

“எழுதணும்னு எழுதல.” பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பார்த்துவிட்டு, மறுபடியும் செருகினார். “நீ போட்ட நேரம் தப்பா இருந்துச்சி. திருத்திக்கினே வந்தேன். அந்த எடம் வந்ததும் கை எழுதிடிச்சி. நிறுத்தம் இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினே எப்டி வுட்டுட்டுப் போறது? அப்புறம் பாத்தேன். அழிக்கலாம்னா வூட்டுல ரப்பர் இல்ல. டூட்டிக்கு நேரமாயிடிச்சி.”

டிரைவர் கை கழுவிக்கொண்டு வந்தார். அப்பா அவசரமாகச் சொன்னார்:

“நீ அழிச்சிடு ஏஞ்சலு. மாமல்லபுரத்துலயே ஏத்தட்டும். கடலு எல்லாம் ஒண்ணுதான. வருவான்னு நெனச்சிக்கினுதான் அவ உயிரோட இருக்கிறா. அதப் புடுங்கிடாத.”

“தப்பான எடத்துல ஏத்தச் சொல்றீங்களா?”

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

* * *

மலை இறங்கும்போது நான் முன் சீட்டில் உட்கார்ந்து, எப்போதும் செய்வது போல இரண்டு பத்தி போட்டு யோசித்தேன். சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. சொன்னால் அம்மாவுக்கு ஒரு கல்லறை கிடைக்கும். அப்பா மூன்று வருஷமாகச் சொன்ன பொய்யும் சேர்ந்து கிடைக்கும். சொல்லாவிட்டால் அம்மா ஒரு கடற்கரையில் நின்று மெழுகுவத்தி ஏற்றுவாள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாம் தனியாகக் கிடப்பான். இரண்டு பத்தியும் சமமாக வரவில்லை. எது பெரியது என்றும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ரப்பர் ஒன்று வாங்கினேன். வாங்கியதே தப்பு என்று நடக்கும்போது தோன்றியது. ஆனாலும் பையில் போட்டுக்கொண்டேன். அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை.

வீட்டில் அம்மா பயணப் பையை எடுத்து வைத்திருந்தாள். அங்கன்வாடியில் சமைத்துவிட்டு வந்த கையோடு அடுக்க ஆரம்பித்திருக்கிறாள். ஒரு புடவை. மாத்திரை டப்பா. இரண்டு பாக்கெட் மெழுகுவத்தி. தீப்பெட்டி நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்தாள். கடற்காற்றை யோசித்திருக்கிறாள்.

அதற்கும் மேலே ஒரு காகிதப் பொட்டலமும் புது பிரஷ் ஒன்றும் இருந்தன. பொட்டலத்தின் மூலையில் வெள்ளைத் தூள் கசிந்திருந்தது.

“இது இன்னாம்மா?”

“சுண்ணாம்பு.”

“கடலுக்கு எதுக்கும்மா சுண்ணாம்பு?”

அம்மா புடவையின் மடிப்பைச் சரி செய்தாள்.

“உங்கப்பா காக்கிச் சட்டைய வூட்டுல யாரு துவைக்கிறாங்க?”

“நீங்கதாம்மா.”

“வருஷத்துக்கு ரெண்டு தடவ. ஜனவரியில ஒண்ணு, திருநாளுக்கு ஒண்ணு. டூட்டிக்குப் போய்ட்டு வந்த சட்டை. கை மடிப்புல சுண்ணாம்பு இருக்கும், உள்பக்கமா. ஒதறிட்டுத்தான் போடுவாரு. மடிப்பைப் பிரிச்சிப் பாக்கத் தெரியாது அவருக்கு. பஸ்ஸுக்கு யாருடி சுண்ணாம்பு அடிக்கிறாங்க?”

“எப்பத்துலர்ந்தும்மா தெரியும்?”

“மொத வருஷத் திருநாளுலயே. அடுத்த தடவ சட்டப் பையில ஒரு சீட்டு இருந்துச்சி. பாண்டிச்சேரியிலர்ந்து அந்தக் கடலோர ரோட்டுக்கு. ஊருக்கெல்லாம் சீட்டுக் குடுக்கிற ஆளு, தன் சீட்ட எடுத்துப் போட மறந்துட்டாரு.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா சொல்லிடுவாரே.” அம்மா பையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “எனக்கும் கேக்க மனசு வரல. கேக்காத வரைக்கும் பாதியாச்சும் நம்பிக்கினு இருக்கலாமில்ல. அந்தப் பாதியிலதான் சோறு தின்னேன். இந்த வருஷம் போதும்னு ஆயிடிச்சி. எந்த ஊரு, எந்த எடம்னு எனக்குத் தெரியாது. சாம் போட்ட வழின்னா அந்த ரோட்டுலதான் போயாவணும். எங்கியோ ஒரு எடத்துல உங்கப்பா வாயத் தொறப்பாருன்னுதான் உன்னை டூர் போடச் சொன்னேன். எனக்கு இன்னாடி குகை?”

சுண்ணாம்புப் பொட்டலத்தைத் தட்டி, தூள் வெளியே வராமல் மடித்தாள்.

“அவன் ஆசப்பட்டது சுண்ணாம்பே இல்லாத கோயிலு. அவனுக்குப் போயி வருஷத்துக்கு ரெண்டு தடவ சுண்ணாம்பு அடிக்கிறாரு.”

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ காட்டாத. அவரு சொல்லட்டும்.”

* * *

ஐந்தரை மணிக்கு அப்பா வந்தார். வாசலில் செருப்பை விடும்போதே என்னைத்தான் பார்த்தார். மேஜையின் மேல் தாள் மடித்தபடி இருந்தது. பக்கத்தில் ரப்பர், கடைக்காரர் சுற்றிக் கொடுத்த காகிதம் பிரிக்காமல்.

“அழிச்சிட்டியா?” உதடு மட்டும் அசைந்தது.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாதபடி ஆட்டினேன்.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். “மலையில மழையா?”

“தூறல்தான்.”

“கடல் பக்கம் மழை ஜாஸ்தியாவும்னு செய்தியில சொன்னாங்க.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள நின்னுடும்.”

அப்பா டீயோடு நாற்காலியில் உட்கார்ந்தார். திறந்திருந்த பை அவர் காலடியில் இருந்தது. குனிந்து பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். பிரஷைப் பார்த்தார். டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, பிரஷைக் கையில் எடுத்து, கட்டை விரலால் அதன் நாரைத் தடவினார்.

அம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“இந்த பிரஷ் பத்தாது கிரேசு” என்றார் அப்பா.

அம்மா அசையவில்லை.

“சின்னது. நாலு இஞ்சுல எடுத்துக்கணும். அங்க உப்புக் காத்து. ஒரு கை அடிச்சா நிக்காது, ரெண்டு கை அடிக்கணும்.” பிரஷைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மதிலோரம் முள்ளு ஜாஸ்தி. அருவா ஒண்ணு எடுத்துக்க. தண்ணி… தண்ணி அங்க ஒரு அடி பம்பு இருக்குது. நல்ல தண்ணிதான்.”

அதற்கு மேல் முடியவில்லை. பிரஷ் அவர் மடியில் விழுந்தது.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்துவிட்டுக் கேட்டாள்:

“பேரு எழுதியிருக்குதா?”

“இல்ல.”

“மூணு வருஷமா பேரு இல்லாமயா கெடக்குறான்?”

“நீ இல்லாம எழுத எனக்குக் கை வரல.”

“ஏஞ்சலு. கறுப்பு பெயிண்டு. எழுதுறதுக்குச் சின்ன பிரஷ் ஒண்ணு. குறிச்சிக்க.”

தாளைப் பிரித்தேன். பின்பக்கம் எழுதினேன். கறுப்பு பெயிண்ட். சின்ன பிரஷ். நாலு அங்குல பிரஷ். அரிவாள். என் கையெழுத்து எப்போதையும்விடக் கோணலாக வந்தது. அம்மா தாளை வாங்கி, முன்பக்கம் திருப்பி, பென்சில் வரியை விரல் வைத்துப் படித்தாள். தாழைமேட்டுக் குப்பம். உதடு அசைய மெதுவாக இரண்டு தடவை படித்தாள். நாற்பது நிமிஷம் என்ற இடத்தில் விரல் நின்றது.

“நாப்பது நிமிஷத்துல எல்லாம் ஆயிடுமா?”

“எனக்கு… அவ்ளோதான் ஆவும்” என்றார் அப்பா.

“எனக்கு ஆவாது.”

அப்பா எழுந்து மேஜைக்கு வந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நாற்பதை அடித்தார். அதற்குப் பதில் எதுவும் எழுதவில்லை. பிறகு அவர் கை தாளின் தலைக்குப் போனது. ‘ஆட்கள்: 2.’ காலையில் அவர் தொடாமல் விட்ட ஒரே எண். பென்சில் முனையை அதன் மேல் வைத்தார்.

அம்மா தன் கையை அதன் மேல் வைத்து மூடினாள்.

“அது இருக்கட்டும்.”

“கிரேசு, எடம் உனக்குத் தெரியாது. நான்தான் காட்டணும்.”

“மதிலோரம்னு சொன்னீங்க. நான் கண்டுபுடிச்சிக்கிறேன்.” அம்மாவின் குரல் உயரவே இல்லை. “மூணு வருஷம் அவனை நீங்களே வெச்சிக்கினீங்க. பெரிய சிலுவையாண்ட நான் நின்னேன். ஒரு நாளு என்னை அவன்கிட்ட வுடுங்க.”

“நான் உனக்காகத்தான்…”

“தெரியும். அதனாலதான் உங்களை ஒண்ணும் சொல்லல.”

தரையிலிருந்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். டீ ஆறிப் போயிருந்தது. அதை ஊற்றிவிட்டு அவள் கிளாஸைக் கழுவும் சத்தம் கேட்டது. ஒரு கிளாஸைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

அப்பா பென்சிலைக் காதில் செருகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். அவரை நான் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். அது தோன்றியபோது அவர் வாசலுக்குப் போய், மழையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

நாலு நாள் இருக்கிறது. தாளை எடுத்து மடிக்கும் முன் ஒரு தடவை பார்த்தேன். அடித்த நாற்பதைத் தவிர எல்லா நேரமும் சரியாக இருந்தது. 2 அப்படியே இருந்தது. அதன் மேல், பென்சில் முனை பட்ட இடத்தில், ஒரு சின்னப் புள்ளி இருந்தது.

ரப்பரின் காகிதத்தை நான் பிரிக்கவில்லை.